கோதண்டம்

வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு வில் என்று பொருள், குறிப்பாக இராமனின் வில். கோதண்டராமர் என்ற பெயர் அதனால் வந்ததுதான். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலோ இது ஒரு தண்டனையின் பெயர். கூரை விட்டத்திலிருந்து கயிறு தொங்கும். பள்ளிக்கு வராமல் ஒளிந்த பையனை, மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை இழுத்துவருவான். பையன் இரு கைகளாலும் கயிற்றைப் பற்றி, கால் தரையில் படாமல் தொங்க வேண்டும். உள்ளங்கை எரியும், பிடி தளர்ந்தால் பிரம்படி. ‘கோதண்டம் போடுதல்’ என்பார்கள். எழுத்தாணி பிடிக்க வேண்டிய பிஞ்சு விரல்களுக்கு என்ன கொடுமை! அடிப்பது வாத்தியாரின் உரிமை என்றே பெற்றவர்கள் பலரும் நம்பினார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், மாணவரை உடலால் வருத்துவதையும் மனத்தால் வதைப்பதையும் தடைசெய்தது.