விலையில்லா லேப்டாப்பும் கட்டற்ற விளையாட்டும்



குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்த சமயம், எங்கள் சுரண்டை வீட்டுப் பரணில் இருந்து ஒரு பழைய லேப்டாப்பை இறக்கினேன். பெரியம்மா மகள், என் அக்கா, பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் இருந்தால் மட்டும் ஓடும். தெருவில் விசாரித்ததில் இதே போல இன்னும் மூன்று கிடைத்தன. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேட்ட முதல் கேள்வி: "ஏ அண்ணே, இதுல என்ன கேம் ஓடும்?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் பதில் தேடப் போன எனக்கு ஒரு குட்டி வரலாறே கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2011: விலையில்லா

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். திருவள்ளூரில் முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். (அப்போது நாம் திருநெல்வேலி மாவட்டம். தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில்.) முதல் ஆண்டு இலக்கே 9 லட்சத்துக்கும் மேல். எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த மெஷின்களில் 2 ஜிபி ராம். விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

அரசு இதை 'இலவசம்' என்று சொல்லவில்லை, 'விலையில்லா மடிக்கணினி' என்றது. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

எங்கள் தெருவில் லேப்டாப் கைக்கு வந்ததும் பல பேர் செய்த முதல் வேலை லினக்ஸை அழித்தது! இரண்டாவது வேலை, பென்டிரைவில் ரோட் ராஷ், வைஸ் சிட்டி ஏற்றியது. எல்லாம் திருட்டு நகல்தான். யாரும் அதைத் தப்பாக நினைத்த மாதிரி தெரியவில்லை. அக்கா லேப்டாப்பிலும் அப்படி ஒரு பென்டிரைவ் நுழைந்தது. கேமோடு சேர்ந்து வைரஸும் வந்தது. மூன்றாம் வருட ப்ராஜெக்ட் மொத்தமும் போய்விட்டது. அக்கா அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, இப்போது என்ன ஓடும்?

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டும். காசு கொடுத்துக் கேம் வாங்கலாம் என்றால், ஸ்டீம் கடையும் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. ஆக, மெஷின் உயிரோடு இருக்கிறது, கடைகள்தான் பூட்டிவிட்டன.

இந்த இடத்தில்தான் இன்னொரு வார்த்தை வருகிறது: 'கட்டற்ற'. விலை இல்லை என்பது வேறு, கட்டு இல்லை என்பது வேறு. கட்டற்ற மென்பொருளின் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அது திருட்டு ஆகாது.

இதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது ஃப்ரீசிவ். டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போன்ற மூன்று மாணவர்கள், 1991-ல் வந்த 'சிவிலைசேஷன்' விளையாட்டைப் பார்த்து, தாங்களே எழுதி 1996-ல் வெளியிட்டது. அவர்கள் படிப்பு முடித்துப் போன பிறகும் யார் யாரோ அதை வளர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டாவது, வில் ரைட் உருவாக்கிய 'சிம்சிட்டி', 1989. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்று அமெரிக்காவில் தொடங்கிய திட்டத்தின் மெஷினில் இருந்தது வெறும் 256 எம்பி ராம். 2007-ல் மகாராஷ்டிராவின் கைராத் கிராமப் பள்ளிக்குக்கூட அது வந்தது. அந்தத் திட்டத்துக்காகவே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் சிம்சிட்டியைக் கொடுத்தது. 2008-ல் அதன் நிரல் 'மைக்ரோபோலிஸ்' என்ற பெயரில் கட்டற்றதாக வெளிவந்தது. கடையில் பழசாகிப்போன சரக்குக்கு மறுபிறவி!

நான் தேர்ந்தெடுத்த விதம்

நாலே நாலு விதி வைத்தேன்.

1. நெட் இல்லாமல் ஓட வேண்டும்.
2. 2 ஜிபி ராமில் திணறக் கூடாது.
3. ஒரே மெஷினில் இரண்டு பேராவது சேர்ந்தோ, மாறி மாறியோ ஆட முடிய வேண்டும். (பிள்ளைகள் ஆறு, லேப்டாப் நாலு!)
4. நகலெடுத்துக் கொடுக்க உரிமை இருக்க வேண்டும்.

எடை குறைந்த ஒரு லினக்ஸைப் போட்டு, ஃப்ரோசன் பபிள், சூப்பர்டக்ஸ், வெஸ்னாத் (பழைய பதிப்பு), ஃப்ரீசிவ் நான்கையும் ஏற்றினேன். உடனே ஹிட் ஆனது ஃப்ரோசன் பபிள்தான். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் மோதிக்கொள்ளலாம். ஃப்ரீசிவைப் பார்த்து, "இது என்ன, பாடம் மாதிரி இருக்கு" என்று ஓடிவிட்டார்கள். "வைஸ் சிட்டி இல்லையா?" என்றும் கேட்டார்கள். அக்கா கதையைச் சொன்னேன். பாதிப் பேர்தான் நம்பினார்கள் :-)

பத்தாவது படிக்கும் ஒரு பெண் மட்டும் ஃப்ரீசிவை விடவில்லை. நகரங்களின் பெயர்கள் எல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன என்று காட்டிக் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், தலைநகரம் சுரண்டை! அடுத்தது பாவூர்சத்திரம், அதற்கு அடுத்தது ஆலங்குளம். தென்காசி நாலாவது இடத்தில். "ஃபைலைத் திறந்தேன், மாத்தினேன், அவ்வளவுதாண்ணே" என்றாள். வைஸ் சிட்டியில் அவளால் இது முடிந்திருக்குமா?

2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல விஷயம். அவையும் பத்து வருடத்தில் பழசாகிப் பரணுக்குப் போகும். அன்றைக்கும் ஒரு தம்பி வந்து, "இதுல என்ன கேம் ஓடும்?" என்று கேட்பான். விலையில்லாமல் வந்த மெஷினில் கட்டற்ற விளையாட்டையும் போட்டு வைத்திருந்தால், அவனுக்குப் பதில் தயாராக இருக்கும்.

மீண்டும் சந்திப்போம்!