சிறுநீரக வடிதிறன் மதிப்பீடு

சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன என்று கணக்கிட்டுச் சொல்லும் முறை. ஆய்வுக்கூட அறிக்கையில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று வருவது இந்த எண்தான். நேரடியாக அளப்பதென்றால் இன்யூலின் போன்ற பொருளை உடலில் ஏற்றி, மணிக்கணக்கில் இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லா நோயாளிக்கும் அது நடக்காத காரியம். எனவே தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது: எல்லோருக்கும் தசை ஒரே அளவு இல்லை.

1976இல் கனடாவில் காக்கிராஃப்டும் கால்ட்டும் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர். அதற்கு அடிப்படையான 249 நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு 15 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெண்களை அளந்து கண்ட எண் அல்ல அது.

1999இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ லெவி குழுவினர், சிறுநீரக நோயாளிகள் 1,628 பேரின் அளவீடுகளைக் கொண்டு எம்.டி.ஆர்.டி. சமன்பாட்டை அமைத்தனர். நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைச் சுமார் 1.2ஆல் பெருக்க வேண்டியிருந்தது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்பது அன்று சொல்லப்பட்ட விளக்கம். 2009இல் வந்த சி.கே.டி.-எபி சமன்பாட்டிலும் இந்தப் பெருக்கம் 1.159 என நீடித்தது. அதே ஆண்டில் ஜப்பானியர் தங்கள் மக்களை அளந்து தனிச் சமன்பாடு அமைத்துக்கொண்டனர்.

இந்தப் பெருக்கம் ஏட்டுக் கணக்கோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் சேரத் தொடங்க, வடிதிறன் 20 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். வெள்ளையரொருவருக்கு 18 என்று வந்த அதே இரத்தம், கறுப்பினத்தவர் பெயரில் போனால் ஏறக்குறைய 21 ஆனது. நோய் ஒன்றே, ஒருவருக்கு வரிசையில் இடம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. இனம் என்பது சமூகம் இட்ட பெயர், உடலின் அளவீடு அல்ல என்று மருத்துவர்களும் மாணவர்களும் வாதாடியது முழுக்க நியாயமே. 2021இல் இனக் காரணி இல்லாத புதிய சி.கே.டி.-எபி சமன்பாடு வெளிவந்தது. பழைய கணக்கால் காலம் இழந்த கறுப்பினத்தவருக்குக் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரும் விதி 2023இல் நடைமுறைக்கு வந்தது.

பாலினக் காரணி மட்டும் நீக்கப்படவில்லை. 50 வயதில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்றால், 2021 சமன்பாட்டின்படி ஆணுக்கு 74, பெண்ணுக்கு 55. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆகவே ஆணுக்கு இயல்பென்று விடும் 1.2, பெண்ணுக்கு எச்சரிக்கை. கிரியேட்டினினை மட்டும் பார்த்து 'பரவாயில்லை' என்று விட்டால் பெண்களின் நோய்தான் கண்ணில் படாமல் போகும்.

இந்தியருக்கு இச்சமன்பாடுகள் எவ்வளவு பொருந்தும் என்பதும் முக்கியமான கேள்வி. சண்டிகர் முதுகலை மருத்துவ நிறுவன ஆய்வாளர்கள் இன்யூலின் கொண்டு அளந்து ஒப்பிட்டு, அன்றிருந்த சமன்பாடுகள் இந்தியரின் வடிதிறனைக் கூட்டியே காட்டுவதாக 2018இல் தெரிவித்தனர். தசை குறைந்த உடலும் இறைச்சி குறைந்த உணவும் கிரியேட்டினினைக் குறைத்துவிடும். அதனால் சிறுநீரகம் இருப்பதைவிட நலமாகத் தெரியும். உடல் மெலிந்தவர்களும் முதியவர்களும் அறிக்கையில் உள்ள எண்ணோடு நின்றுவிடாமல், தசையை அதிகம் சாராத சிஸ்டாட்டின்-சி பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.