நீர்நிலைகளை அடைக்கும் நுண்மண்

பெருமழை கொட்டித் தீர்ந்த மறுநாள் மலாக்கா ஆற்றைப் பார்த்தால், அது பால் கலந்த தேநீர்போல் நிறம் மாறியிருக்கும். அது மேட்டு நிலங்களிலிருந்து மழை வழித்துக்கொண்டு வந்த மண்ணின் நிறம். அந்த மண் எங்கே போய்ச் சேர்கிறது, சேர்ந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நன்று. தமிழகத்தில் நம் முன்னோர் ஏரிகளைத் தூர்வாரியதும், இங்கு வந்தபின் ரப்பர்த் தோட்டங்களில் மண்குழி வெட்டியதும் இந்த ஒரே தொல்லையை எதிர்த்துத்தான்.

ஆற்றின் கலங்கல் நீரைக் கண்ணாடிப் புட்டி ஒன்றில் நிரப்பி அசையாமல் வைத்துப் பாருங்கள். மணல் உடனே அடியில் இறங்கிவிடும். வண்டல் மெல்ல மெல்ல இறங்கும். களிமண்ணோ நாள் கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டல் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ 3 மணி நேரம் பிடிக்கும். அதிலும் பத்தில் ஒரு பங்கே பருமனுள்ள களித்துகளுக்கு 10 நாள்களுக்கு மேலாகும். ஆகவே ஆறு ஒரு நீர்த்தேக்கத்துள் நுழைந்ததும் மணலை வாயிலிலேயே விட்டுவிடுகிறது. நுண்மண்தான் உள்ளே வெகுதூரம் சென்று, படுகை முழுவதும் போர்வைபோல் படிகிறது.

மணற்படுகையில் மணிக்கு மணி இடைவெளி உண்டு. அந்த இடைவெளிகளின் வழியாகவே நீர் நிலத்துள் இறங்குகிறது. நுண்மண் அந்த வாயில்களில் புகுந்து சிக்கிக்கொள்கிறது. பிறகு வரும் துகள்கள் அதன்மேல் படிகின்றன. காப்பிக்கடைகளில் தூள் வடிகட்டும் துணிப்பையை நாம் பார்த்திருக்கிறோம். கழுவாமல் வைத்திருந்த பையில் வெந்நீர் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். துணி கிழியவில்லை, கண்கள்தாம் அடைபட்டிருக்கின்றன. மணற்படுகைக்கும் நேர்வது இதுவே. சில அங்குலக் கனமுள்ள களிப்படலம் பல அடி ஆழமுள்ள மணலைப் பயனற்றதாக்கிவிடும்.

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. ஏரி இரண்டு பணிகளைச் செய்கிறது: மதகு வழியே வயலுக்கு நீர் தருகிறது, படுகை வழியே கீழ்ப்புறக் கிணறுகளை ஊறச் செய்கிறது. வண்டல் மிகுந்தால் இரண்டும் கெடும். கொள்ளளவு குறையும், கிணற்று ஊற்றும் தளரும். இதைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. அதன் உறுப்பினர் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரியில் மண்ணை அள்ளிக் கரையில் கொட்ட ஓடங்கள் இருந்ததையும், அதற்கென அறக்கொடை விடப்பட்டதையும் அக்காலக் கல்வெட்டுகள் பல தெரிவிக்கின்றன. கோடையில் ஊரார் கூடித் தூர்வாரும் குடிமராமத்து வழக்கமும் நிலவியது. எடுத்த வண்டல் வயலுக்கு எருவாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியும் அது பழைய நிலைக்கு மீளவில்லை. தமிழக அரசு 2017இல் குடிமராமத்துப் பெயரிலேயே ஏரிகளைச் சீரமைக்கத் தொடங்கியதும், உழவர் வண்டலை இலவசமாக எடுத்துச் செல்ல இசைந்ததும் பழைய வழக்கத்தின் தேவையை மெய்ப்பிக்கின்றன.

மேலே படியும் படலத்தை நீக்கினாலே படுகை மீளும் என்பதற்கு நகரக் குடிநீரிலும் சான்று உண்டு. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914இல் மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. இத்தகைய மெதுவடிகட்டிகளில் நீர் மணலினூடே மெல்ல இறங்கித் தூய்மையாகிறது. அடைப்பு ஏற்பட்டால் மணல் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. நீரை வடித்துவிட்டு மேற்பரப்பில் ஓரங்குல அளவு சுரண்டி எடுத்தால் போதும். ஆனால் வருகின்ற நீர் மிகவும் கலங்கலாக இருந்தால் சுரண்டிச் சுரண்டி மாளாது. ஆகவே கலங்கலை அது பிறக்கும் இடத்திலேயே தடுப்பதுதான் முறை. அந்த இடம் மேட்டு நிலம். நமது மலாக்காவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் தோட்ட நிலமாகும்.

மலாக்காவின் உட்பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடழித்து மரவள்ளி பயிரிட்டனர். 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிப நோக்குடன் முதன்முதலில் நடப்பட்ட ரப்பர்த் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. அந்நாளைய தோட்டத் துரைமார் மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கலாகாது என்று கருதினர். நம் மக்கள், சிறப்பாகப் பெண்கள், நாளெல்லாம் குனிந்து புல் வெட்டித் தரையைத் துடைத்து வைத்தனர். ஆனால் வெறுந்தரையில் விழும் மழைத்துளி மண்ணை உடைத்துக் கரைத்துவிடும். தோட்டத்தின் வளமான மேல்மண் வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போயிற்று.

இக்கேடு உணரப்பட்டபின் முறை மாறியது. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மண்காப்பிலும் கருத்துச் செலுத்தியது. மரங்களுக்கிடையே அவரையினக் கொடிகளைப் படரவிட்டனர். சரிவுகளில் சமமட்டக் கரைகள் போட்டனர். ஓடிவரும் மண் தங்க நீண்ட குழிகள் வெட்டினர். குழி நிரம்பியதும் மண்ணை அள்ளி மரத்தடியில் போடுவது தோட்ட வேலைகளுள் ஒன்றாயிற்று. மண்வெட்டி பிடித்த நம் மக்களில் பலர் ஏரி நாட்டிலிருந்து வந்தவர்கள்தாமே! அங்கே ஊருக்காகத் தூர்வாரிய வேலை இங்கே நாட்கூலி வேலையாயிற்று. அவர்கள் தடுத்து நிறுத்திய மண், கீழே ஆற்றுநீர் குடித்த எல்லாருக்கும் நன்மை செய்தது. அந்த உழைப்புக்கு வரலாற்று நூல்களில் இடம் குறைவு.

1991ஆம் ஆண்டு வறட்சியில் துரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றியதை மலாக்கா மக்கள் மறக்க முடியாது. குழாயில் நீர் வராமல் குடமும் வாளியுமாகக் காத்திருந்த காலம் அது. அந்தத் தட்டுப்பாட்டின் முதற்காரணம் மழையின்மையே. வண்டலைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆழமான அணைக்கட்டில் அடியில் படியும் களி, நீர் கசிந்து போவதைக் குறைக்கவும் செய்யும். ஆயினும் படிகின்ற ஒவ்வோர் அடி மண்ணும் ஓரடி நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மழை பெய்யும் ஆண்டுகளில் இந்த இழப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வறட்சி ஆண்டில்தான் அதன் கணக்கு வெளிப்படும்.

இன்று ரப்பர் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. மறுநடவுக்காகவோ கட்டடத்துக்காகவோ நிலத்தைத் திறக்கும்போது சிவந்த மண் மழைக்கு முன்னே வெறுமையாய்க் கிடக்கிறது. அங்கே மூடுபயிர் இட்டார்களா, மண்குழி வெட்டினார்களா, ஓடைக்கரைப் புல்லையும் மரத்தையும் விட்டுவைத்தார்களா என்று கேட்பது நம் உரிமை. பள்ளிப் பிள்ளைகளும் மழைக்குப் பின் தம் ஊர் ஓடைநீரைப் புட்டியில் எடுத்து வைத்து, அடியில் எவ்வளவு படிகிறது என்று மாதந்தோறும் அளந்து குறித்து வரலாம். நம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன சுமந்து வருகிறது என்பதை அந்தக் குறிப்பேடு அவர்களுக்குக் கற்பிக்கும்.