ஒரு டிரே செந்தூரா, நான்கு பேர் பொறுப்பு

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் வழியில் இருக்கிறது முதலமடை. நாட்டின் பல பகுதிகளை முந்திக்கொண்டு இந்தத் தோப்புகளில் மாங்காய் பறிப்புக்கு வந்துவிடும். இங்கே நிரம்பும் ஒரு டிரே செந்தூரா, சாப்பிடுகிறவர் கைக்குப் போவதற்குள் நான்கு பேரைக் கடக்கிறது. வழியில் யாருக்காவது கேடு நேர்ந்தால், பணம் தர வேண்டியவரும் கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறார்.

முதல் கட்டம் மரத்தில். தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரி மேஸ்திரி மூலம் ஆள் இறக்குகிறார். தொரட்டியோடு கிளையில் நின்றவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், "அது மேஸ்திரி கூட்டி வந்த ஆள்" என்று கைகழுவ முடியாது. முதலாளி மேல் தவறு இல்லாவிட்டாலும் வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு உண்டு என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நெறி. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. இதற்கென்று தனி பாலிசி இருக்கிறது. எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதை அதில் உள்ளபடி எழுத வேண்டும். நான்கு பேர் என்று எழுதிவிட்டுப் பத்துப் பேரை மரத்தில் ஏற்றினால் கிளெய்ம் சிக்கிக்கொள்ளும்.

இரண்டாம் கட்டம் டெம்போ. பொள்ளாச்சிக்குப் போகும் அந்த வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம். இந்தியாவில் 1946-இலிருந்தே இது நடைமுறையில் இருக்கிறது. சாலையில் போகிறவர் மேல் வண்டி மோதினால் அந்த பாலிசி கைகொடுக்கும். கவிழ்ந்து நசுங்கிய மாம்பழத்துக்குக் கொடுக்காது. சரக்குக்குத் தனி பாலிசி வேண்டும். சரக்கின் சொந்தக்காரர் வண்டியில் வந்தால் 1994 திருத்தத்துக்குப் பிறகு அவருக்குப் பாதுகாப்பு உண்டு. டிரே மேல் இலவசமாக ஏறிக்கொண்டவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்துவிட்டது. அப்படி ஏறிப் போவது ஊருக்குள் நாம் தினமும் பார்க்கிற காட்சி.

மூன்றாம் கட்டம் பழுக்க வைக்கும் குடோன். கால்சியம் கார்பைடு கல்லுக்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்தலாம். தெரிந்தே சட்டத்தை மீறியதால் வந்த பொறுப்பைக் காப்பீடு ஏற்காது. கல் வைத்தவர் எத்தனை பிரீமியம் கட்டியிருந்தாலும் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

கடைசிக் கட்டம் ஜூஸ் கடை. ஈரத்தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி. விற்ற பொருளே கெடுதல் செய்தால் பிராடக்ட் லயபிலிட்டி பாலிசி. இரண்டும் வேறு வேறு. கெட்ட உணவால் உயிர் போனால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவிட 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் பொருளைச் செய்தவரோடு விற்றவரையும் வழக்குக்குள் கொண்டுவந்தது. நம் கடைக்காரர்களில் பலர் தீக்கும் திருட்டுக்கும் மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு எல்லாம் அடங்கியது என்று நம்புகிறார்கள். அது தன் பொருளுக்கான காப்பு. அடுத்தவருக்கு நேரும் கேட்டை அது தொடாது.

பாலிசி எடுக்கும்போது இரண்டு தொகைகளைப் பார்க்க வேண்டும்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுமைக்கும் எவ்வளவு. எவையெல்லாம் சேராது என்ற பக்கத்தை ஏஜென்ட்டை உட்கார வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். விபத்து நடந்தால் உடனே நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தயங்கக் கூடாது. ஆனால் நிறுவனத்தைக் கேட்காமல் தொகை பேசி முடித்தால் கிளெய்ம் கைவிட்டுப் போகலாம்.

போபால் விஷவாயுவுக்குப் பிறகு வந்த 1991-ஆம் ஆண்டுச் சட்டம், அபாயகரமான பொருள்களைக் கையாள்பவர்களுக்கு மட்டுமே பொதுப் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தோப்பு வியாபாரியையும் ஜூஸ் கடைக்காரரையும் அந்தக் கட்டாயம் தொடவில்லை. ஆனால் இழப்பீடு தரும் கடமை அவர்களை விட்டுவிடவும் இல்லை. ஒரே ஒரு வழக்கில் கடையும் வீடும் சேர்ந்தே போகக்கூடியவர்கள் இவர்கள்தான். சட்டம் கேட்காவிட்டாலும் பாலிசி முதலில் வேண்டியது இவர்களுக்கே.