பெயர் நீக்கிய நோயேடுகள்

‘தாய்மார் ஏன் இறக்கிறார்கள்?’ இதுவே கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004-05 ஆம் ஆண்டுகளின் தாய் மரணங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு. அப்பணியை ஒருங்கிணைத்தவர் திருச்சூர் மருத்துவர் வி. பி. பைலி. ‘யாரால்’ என்னும் வினாவை விலக்கி ‘ஏன்’ என்பதை மட்டும் கேட்டதே அவரது முயற்சியின் உயிர்நாடி என்பது என் கருத்து. மொழியியல் பயின்றவனுக்கு இந்த வினாச்சொல் மாற்றம் சிறியதாகத் தோன்றாது.

தாய் மரணங்களை ஆராய்வது புதிதன்று. சென்னை நகரின் தாய் மரணங்கள் குறித்து ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் 1933இலேயே அறிக்கை அளித்தார். இங்கிலாந்தில் 1952 முதல் இரகசிய மீளாய்வு இடையறாது நடைபெறுகிறது. கேரளம் 2004இல் அம்முறையையே பின்பற்றியது. இறந்தவர், மருத்துவர், மருத்துவமனை ஆகிய பெயர்கள் நீக்கப்பட்ட நோயேட்டின் படியை வல்லுநர்கள் படிப்பார்கள். எவரையும் தண்டிப்பது நோக்கமன்று. நான் தங்கியிருக்கும் காக்கநாட்டைச் சுற்றிலும் தனியார் மருத்துவமனைகளே மிகுதி. மாநிலத்தின் பெரும்பான்மைப் பிரசவங்களும் தனியாரிடமே நிகழ்கின்றன. வழக்குக்கு அஞ்சும் மருத்துவர் இந்த உறுதியின்றி ஏட்டைத் தருவாரா?

ஏடுகள் காட்டிய முதன்மைக் காரணங்களுள் குருதிப்போக்கும் உயர் இரத்த அழுத்தமும் இருந்தன. பிரசவத்திற்குப் பின் பெருகும் குருதி சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் வழியிலேயே காலம் கழிந்துவிடும். பைலி இதற்கென ஓர் இடுக்கியை வடிவமைத்தார். வயிற்றைத் திறவாமல், யோனி வழியே கருப்பைத் தமனியை அழுத்திப் பிடிக்கும் கருவி அது. அறிக்கை எழுதியவரே கருவியும் செய்தார் என்பது நம் ஆய்வுலகில் அரிது.

இந்தியப் பதிவாளரின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குக் கேரளத்தின் தாய் மரணம் 2004-06இல் 95, 2018-20இல் 19. நாடு முழுமைக்கும் இவை முறையே 254, 97. இவ்வீழ்ச்சி முழுவதையும் மீளாய்வின் கணக்கில் எழுதுவது நேர்மையன்று. பெண்கல்வியும் பொதுச் சுகாதார அமைப்பும் நெடுங்காலமாக இதற்குத் தளம் அமைத்திருந்தன.

ஒரு நெருடல் எஞ்சுகிறது. மனைவியையோ மகளையோ இழந்த குடும்பத்திற்கு இம்மீளாய்வு எதுவும் சொல்வதில்லை. பெயரற்ற ஏட்டில் அவர்களுடைய வினாவுக்கு இடமில்லை. இந்த விலை தவிர்க்க இயலாதது என்றே நினைக்கிறேன். எனினும் அதைக் கொடுப்பவர்கள் மருத்துவர்கள் அல்லர். பைலி குழுவினர் பின்னர் மயிரிழையில் உயிர் தப்பிய தாய்மாரின் ஏடுகளையும் ஆராயத் தொடங்கினர். அங்கே தாய் பிழைத்திருக்கிறாள். மருத்துவருக்கும் அச்சம் குறைவு.