அச்சுக்கு அடங்கிய வீரர்கள்

லண்டனில் கண்டெடுக்கப்பட்ட ஒரு குதிரை வீரன் பொம்மை கி.பி. 1300ஐ ஒட்டிய காலத்தது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தால் ஆன அது விரல் நீளமே இருக்கும். உள்ளே வெற்றிடம் விட்டு அச்சில் வார்த்திருக்கிறார்கள். இடைக்கால வீரனைக் குட்டி உருவமாகச் செய்யும் பழக்கம், அந்த வீரர்கள் உயிரோடு உலவிய நாளிலேயே இருந்தது என்பதற்கு இதுவே சான்று. அன்றிலிருந்து அண்மைக்காலம்வரை அந்த உருவத்தின் வடிவைப் பெரிதும் தீர்மானித்தது சிற்பியின் கற்பனையைவிட அச்சின் இயல்புதான்.

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம் இத்தொழிலின் தலைமையிடமானது. 1770களில் யோஹான் கோட்ஃப்ரீட் ஹில்பர்ட் என்ற ஈய வார்ப்பாளர் தட்டையான வீரர்களைச் செய்து விற்றார். பலகைக்கல்லில் உருவத்தைத் தலைகீழாகச் செதுக்க வேண்டும். வீரனின் மூக்கு கல்லில் குழியாக இருக்கும். அங்கியின் மடிப்புப் பள்ளம் மேடாக நிற்கும். இரண்டு கற்களைச் சேர்த்துக் கட்டி உருகிய ஈயத்தை ஊற்றினால், தகடு போன்ற வீரன் கிடைப்பான். 1839இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்ஸன், வீரர்களின் உயரத்தைச் சுமார் 30 மி.மீ. என்று நிலைப்படுத்தினார். பல பட்டறைகளின் படைகளையும் ஒரே மேசையில் நிறுத்த அதனால் முடிந்தது.

1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளீடற்ற வார்ப்பில் 54 மி.மீ. வீரர்களைக் கொண்டுவந்தனர். அது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. லண்டன் பொம்மையைச் செய்தவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்! இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ரிச்சர்ட் கோர்ட்னி என்ற பொம்மை வார்ப்பாளர், 1356ஆம் ஆண்டின் புவாத்தியே போரில் பங்கேற்ற வீரர்களை அவரவர் குலச் சின்னங்களோடு செய்தார். பொம்மை பெரியவர்களின் சேகரிப்புப் பொருளாக மாறியதில் அவருக்குப் பங்குண்டு.

விளையாட்டும் இதற்குத் துணை நின்றது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் அமெரிக்காவில் 1971இல் வெளியிட்ட 'செயின்மெயில்', இடைக்காலப் போரைக் குட்டி உருவங்களால் ஆடும் விதிநூல். அதிலிருந்து கிளைத்ததே 1974இன் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு. 1979இல் சிட்டடெல் மினியேச்சர்ஸ் என்ற குட்டி உருவ நிறுவனம் தொடங்கியபின், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வட்டாரம் உருவச் சிற்பிகளின் ஊரானது.

வீட்டு மேசையில் உருவம் செய்பவர்களுக்குக் கைகொடுத்தது எப்பாக்சி மாவு. மஞ்சள், நீலம் என இரண்டு பட்டைகளாக வரும் அதைப் பிசைந்தால் பச்சையாகும். 'கிரீன் ஸ்டஃப்' என்ற பெயர் அப்படி வந்தது. குழாய் ஒழுகினால் நாம் அப்பும் எம்-சீலும் இதே குடும்பம்தான். கம்பியை வளைத்து எலும்புக்கூடு அமைத்து, அதன்மேல் மாவை மெல்லிய அடுக்குகளாகப் பூசுவார்கள். கருவியில் ஒட்டாமலிருக்கத் துளி நீரோ வாசலினோ போதும். ஒன்றரை மணி நேரத்துக்குள் அடுக்கை முடித்து, இறுகியபின் அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

சங்கிலிக் கவசத்தில்தான் கை தேறியவரா என்பது தெரியும். 28 மி.மீ. வீரனுக்கு உண்மை விகிதத்தில் வளையம் செய்தால் 0.2 மி.மீ. கூட வராது, வாளும் தாளைவிட மெல்லியதாகிவிடும். அதனால் ஊசிமுனையால் வரிசை வரிசையாகக் குத்தி, வளையங்களைப் பெரிதாக்கியே காட்டுவார்கள். தலையும் கையும்கூடச் சற்றுப் பெருத்தே இருக்கும். இப்படிச் செய்து முடித்த மூல உருவத்தை ரப்பர் வட்டுகளுக்கு இடையே வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அச்செடுக்கிறார்கள். அச்சைச் சுழற்றியபடி உலோகத்தை ஊற்றும்போது அது மூலைமுடுக்கெல்லாம் பாயும். கைக்கும் கேடயத்துக்கும் நடுவே ஆழமான இடுக்கு இருந்தால் வார்ப்பு அச்சைவிட்டு வெளிவராது. இந்த வகை வீரர்கள் பலரும் கையை உடலோடு ஒட்டி நிற்பதன் காரணம் இதுவே.

இக்கலையில் பெயர் பெற்ற இரட்டையர் மைக்கேல் பெரியும் ஆலன் பெரியும் இடைக்காலப் போர்க்கோலத்தை உடுத்தியே பார்த்தவர்கள். 1996இல் பிரான்சின் கிரெசியில் பழைய போரை நடித்துக்காட்டிய நிகழ்வில், பீரங்கி விபத்தில் மைக்கேல் வலக்கையை இழந்தார். இடக்கையால் செய்யப் பழகித் தொழிலுக்குத் திரும்பினார். 2001இல் சகோதரர்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினர்.

இப்போது பலர் கணினியில் உருவம் செதுக்கி, ரெசினில் முப்பரிமாண அச்சடிக்கிறார்கள். இம்முறையில் ரப்பர் அச்சு தேவையில்லை. இடுக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதும் இல்லை. வீரனின் கை இப்போது தாராளமாக நீள்கிறது.