சோழவரம் ஓடுபாதையும் அக்கா வீட்டு மாருதியும்

போன பொங்கலுக்கு அனந்தபுரம் போனப்ப, அக்கா வீட்டு மாட்டுக் கொட்டாய்ல மாட்டுக்குப் பதிலா ஒரு பழைய மாருதி 800 நின்னுச்சு. பின் சீட் இல்லை, கதவுக்கு உள்பக்க அட்டை இல்லை, ஸ்டெப்னியும் இல்லை. அக்கா பையன் ரெண்டு வருஷச் சம்பளத்தை அதுல கொட்டியிருக்கான். "வெயிட்டைக் குறைச்சாலே பாதி வேலை முடிஞ்சுது மாமா"ன்னான். சரியான பேச்சுதான். அடுத்து சொன்னதுதான் வயித்தைக் கலக்கிச்சு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல, திண்டிவனம் பக்கம் நாலுவழிச் சாலையில, யாரோ ஒரு பையனோட பந்தயமாம்!

அன்னிக்குத் திண்ணையில உட்கார்ந்து அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரம். ஏரியால நமக்குத் தெரிஞ்ச ஊர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே விமானம் இறங்க ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தது, பாதை சும்மா கிடந்தது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அதைப் பந்தயக் களமாக்கினார்கள். வருஷா வருஷம் கூட்டம் அலைமோதும். விஜய் மல்லையா ஒரு என்ஸைன் எஃப்1 காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டியிருக்கிறார். ஆனா எனக்குப் பிடிச்சது அது இல்லை. வெளிநாட்டுக் கார் இறக்குமதி குதிரைக்கொம்பா இருந்த காலம் அது. கையில் இருந்தது ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சிலிண்டர் ஹெட்டை இழைச்சு கம்ப்ரஷன் ஏத்தறது, கார்புரேட்டரை மாத்தறது, தகரத்தைக் கழட்டி எடையைக் குறைக்கறதுன்னு ஷெட்டுல செஞ்ச வண்டிகள்தான் அந்தக் காலப் பந்தயத்துக்கே முதுகெலும்பு.

இந்த ஷெட்டு வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கோவை கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. 1988 வாக்கில், மாருதி 800ன் 796 சிசி எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. 2005ல் எஃப்1 வரை போன நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டினது அந்தக் காரில்தான். கரிவரதன் 1995ல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பேர்தான்.

"அப்ப நம்ம கொட்டாய்ல நிக்கறதும் அதே எஞ்சினா மாமா?"

அதே குடும்பம்தான்டா. பயல் முகத்தைப் பார்க்கணுமே :-)

நிற்க. சோழவரத்தில் நடந்தது பெரும்பாலும் சுற்றுப் பந்தயம். இவன் கேட்கிறது டிராக் ரேஸ். ரெண்டு வண்டி, நின்ன இடத்திலிருந்து புறப்பட்டு நேர்கோட்டில் கால் மைல். அதாவது 1,320 அடி, சுமார் 402 மீட்டர். வேடிக்கை என்னன்னா, அதுவும் ஓடுபாதையில் வளர்ந்த பிள்ளைதான். அமெரிக்காவில் பழைய ஃபோர்டுகளைப் பிரிச்சுக் கட்டின பையன்கள் தெருவில் ஓட்டி உயிரை விட்டுக்கிட்டிருந்தப்ப, 1950ல் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் சி.ஜே. ஹார்ட் என்பவர் ஒரு விமான நிலையப் பாதையில் ஞாயித்துக்கிழமைகளில் அவங்களை ஓடவிட்டார். அடுத்த வருஷமே வாலி பார்க்ஸ் அதற்கென்று ஒரு தேசிய சங்கம் தொடங்கினார். தெருவிலிருந்து பையன்களை இழுக்கறதுதான் நோக்கம்.

அங்கே ஒரு நல்ல விதி உண்டு. பந்தயத்துக்கு முன்னாடியே உன் வண்டி எத்தனை நொடியில் ஓடும்னு நீயே எழுதிக் கொடுக்கணும். நீ 22 நொடி, எதிராளி 15 நொடின்னு வெச்சுக்கோ. உனக்கு 7 நொடி முன்னாடியே பச்சை விளக்கு எரியும். எழுதினதைவிட வேகமா ஓடினா தோல்வி, அதனால் பொய்யும் சொல்ல முடியாது. மாருதி 800 பென்ஸை ஜெயிக்கலாம்! ஜெயிக்கறது பணம் இல்லை, விளக்கு எரிஞ்சதும் கிளட்சை விடற பக்குவமும் தன் வண்டியைத் தெரிஞ்சு வெச்சிருக்கறதும்தான். நடுராத்திரி பைபாஸ்ல இதெல்லாம் ஏது? லாரி இண்டிகேட்டர் போடாம திரும்பும், அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு வேற இருக்கு.

"சோழவரம் மாதிரி உளுந்தூர்பேட்டையில ஒரு பாதை சும்மாதானே கிடக்கு மாமா?"

மடக்கிட்டான். அதுவும் அதே போர்க்காலத்து ஓடுபாதைதான். ஆனா அரசாங்க இடம், நினைச்சவன் நுழைய முடியாது. சோழவரத்துக்குப் பதிலாக 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பே சொந்தமாகப் பாதை திறந்தது. இப்போ அதுக்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு பேர். பைக்குகளுக்கு தேசிய டிராக் போட்டி அங்கே நடந்திருக்கு. கார்காரனுக்கு 2013 முதல் மகாராஷ்டிராவின் ஆம்பி வேலி ஓடுபாதையில் போட்டி நடந்திருக்கு. அனந்தபுரத்திலிருந்து அவ்வளவு தூரம் டிரக்குல ஏத்திக்கிட்டுப் போகற செலவுக்கு இன்னொரு மாருதியே வாங்கிடலாம். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

முதல்ல இருங்காட்டுக்கோட்டைக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போறேன், பார்த்துட்டு வருவோம்னு சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் ராத்திரி வண்டி எடுக்க மாட்டேன்னு சொன்னான். சாவியை அக்கா அரிசிப் பானைக்குள்ள போட்டு வெச்சிருக்கறது அவனுக்குத் தெரியாது.